ராஜாவுக்கு வந்த கனவும் கல்லுல இல்லாத வரியும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. ஆபீஸில் ஆணி அதிகம். இன்றைக்கு ஒரு வரலாற்றுப் பதிவு. அதுவும் நான் மூக்குடைபட்ட கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் பைக்கை எடுத்துக்கிட்டு காஞ்சிபுரம் போனோம். முதலில் கைலாசநாதர் கோயில். எனக்குப் பிடிச்ச இடம். கூட வந்தவங்களுக்குக் கோயிலைவிட கோயில் வாசல் புல்தரை பிடிச்சுப்போச்சு. விடுவேனா? இழுத்துக்கிட்டுப் போய் விமானத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைக் காட்டி ஆரம்பிச்சேன்.

"மாப்ள, பூசலார் நாயனார் கதை தெரியும்ல? பல்லவ ராஜா கனவுல சிவன் வந்து, 'நாளைக்கு நான் வேற கோயிலுக்குப் போறேன், உன் கும்பாபிஷேகத்தைத் தள்ளி வை'ன்னு சொன்னாரே. அதுக்குக் கல்வெட்டு ஆதாரம் இதுதான்!"

பக்கத்தில் ஒரு பெரியவர் நின்னுக்கிட்டு இருந்தார். வெள்ளை வேட்டி, கையில் துணிப்பை. மெதுவா கேட்டார்.

"தம்பி, கனவுன்னு எந்த வரியில இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கேயோ படிச்சேன், யாரோ சொன்னாங்க, அவ்வளவுதான். "படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. இருந்தா எனக்கும் சந்தோஷம்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் அன்னிக்கு முழுக்க என்னை ஓட்டித் தள்ளினாங்க.

வீட்டுக்கு வந்து படிச்சேன். படிச்சதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல் என்ன சொல்லுது?

கைலாசநாதர் கோயிலைக் கட்டியவன் ராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். கோயிலுக்கு அவன் வைத்த பெயரே அவன் பெயர்தான்: ராஜசிம்ம பல்லவேச்வரம். விமானத்தைச் சுற்றியிருக்கும் கல்வெட்டு கிரந்த எழுத்தில் உள்ள சமஸ்கிருதச் செய்யுள்கள். ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் படித்து, 1890-ல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஆங்கில மொழிபெயர்ப்போடு போட்டிருக்கிறார்.

செய்யுள்கள் வழக்கமான ராஜபாட்டையில்தான் போகின்றன. கடவுள் வாழ்த்து, பிரம்மாவில் தொடங்கி பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன் வழியாகப் பல்லவ வம்சம், அப்புறம் அப்பா புகழ், அப்புறம் மகன் புகழ். நடுவில் ஒரு செய்யுள் மட்டும் நம்மை நிறுத்துகிறது. அதன் சாரம் இது: முந்தைய யுகங்களில் துஷ்யந்தன் போன்ற ராஜாக்கள் வானத்துக் குரலைக் கேட்டார்கள், அதில் ஆச்சரியமில்லை. நல்ல குணங்கள் விலகிப்போன இந்தக் கலியுகத்தில் ஸ்ரீபரன் அந்தக் குரலைக் கேட்டானே, அதுதான் பெரிய ஆச்சரியம்.

ஸ்ரீபரன் என்பது ராஜசிம்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று.

அவ்வளவுதாங்க. குரல் கேட்டான். கனவு என்ற சொல் இல்லை. சிவன் பெயர் சொல்லி இன்னது சொன்னார் என்று இல்லை. தேதி மாற்றம் இல்லை, திருநின்றவூர் இல்லை, பூசலார் இல்லை. குரல் என்ன சொன்னது என்றே இல்லை!

லாக் ஃபைல் பார்த்து வேலை செய்யறவங்களுக்கு இந்த வேதனை புரியும். 'மெசேஜ் வந்தது' என்று ஒரு வரி இருக்கும். மெசேஜில் என்ன இருந்தது என்பது பதிவாகியிருக்காது. நாமாகவே ஒரு கதை கட்டி, மேனேஜரிடம் 'இதுதான் சார் காரணம்' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். பெரியவர் முன்னால் நான் செய்ததும் அதேதான்.

இன்னொன்றும் சொல்லணும். அதே கோயிலின் சுற்றுமதிலை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன சன்னதிகள், ஐம்பதுக்கு மேல். அவற்றில் ராஜசிம்மனின் பட்டங்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். ராஜசிம்மன், அத்யந்தகாமன், ரணஜயன் என்று இருநூறுக்கு மேல் போகிறது. அதுவும் போதாதென்று ஒரே பட்டத்தை வேறு வேறு எழுத்து வடிவங்களில் திரும்பத் திரும்ப வெட்டி வைத்திருக்கிறார்கள். கோயிலைச் சுற்றி வந்தால் சாமியைச் சுற்றுகிறோமா, ராஜாவின் பயோடேட்டாவைச் சுற்றுகிறோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

வானத்துக் குரல் கேட்டதும் அந்தப் பட்டியலில் இன்னொரு பெருமையாகத்தான் கல்லில் நிற்கிறது.

பெரியபுராணம் என்ன சொல்லுது?

கதை தெரிந்தவர்கள் மன்னிக்கவும், தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக.

திருநின்றவூரில் பூசலார் என்று ஒரு அந்தணர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை. பணம் தேடினார், கிடைக்கவில்லை. சரி, மனசிலேயே கட்டிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டார். மனசிலேயே பொருள் சேர்த்தார், தச்சர்களைக் கூட்டினார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார், ராத்திரியும் தூங்காமல் வேலை பார்த்தார். விமானம், மேலே தூபி, கிணறு, மதில், குளம் எதையும் விடவில்லை. பட்ஜெட் சைபர், ஆனால் பிளான் பக்கா! கடைசியில் சாமியை எழுந்தருளச் செய்ய ஒரு நாளும் குறித்தார்.

அதே நாளை காஞ்சியில் கல் கோயில் கட்டி முடித்த ராஜாவும் குறித்திருந்தார். முதல் நாள் ராத்திரி ராஜா கனவில் சிவன் வருகிறார். 'நின்றவூர்ப் பூசல் நெடுநாளாக நினைத்து நினைத்துக் கட்டிய கோயிலுக்கு நாளைக்குப் போகிறேன். உன்னுடையதை அப்புறம் வைத்துக்கொள்' என்கிறார்.

ராஜா எழுந்து, அந்தப் பெரிய அடியாரைக் கும்பிடவேண்டும் என்று திருநின்றவூருக்குக் கிளம்பிவிடுகிறார். நேர்க்கோட்டில் பார்த்தாலே 45 கிலோமீட்டருக்கு மேல் வரும். போய், 'பூசலார் கட்டிய கோயில் எங்கே?' என்று கேட்கிறார். 'அப்படி ஒரு கோயிலே இந்த ஊரில் இல்லையே' என்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கிறேன். நீங்களும் நில்லுங்க.

ராஜாவுக்கு இங்கே ரெண்டு சுலபமான வழி இருந்தது. ஒண்ணு, 'சே, வெறும் கனவு' என்று திரும்பிப் போய்த் தன் கோயில் வேலையைப் பார்க்கலாம். ரெண்டு, 'சிவனே என் கனவில் வந்து சொன்னார், நீங்க இல்லைங்கறீங்களா?' என்று ஊரையே மிரட்டலாம். கூடவே படை வந்திருக்கிறது, மிரட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

ரெண்டையும் செய்யவில்லை. அடுத்த கேள்வி கேட்கிறார். ஊர் அந்தணர்களை வரவழைத்து, 'பூசலார் என்று யாராவது இருக்கிறாரா?' என்கிறார். 'இருக்கிறார், குற்றமில்லாதவர்' என்று பதில் வருகிறது. ராஜா அவரைத் தன்னிடம் அழைத்துவரச் சொல்லவில்லை, தானே அவர் இருக்கும் இடத்துக்குப் போகிறார். போய், 'நீங்கள் கட்டிய கோயில் எது?' என்று அவரிடமே கேட்கிறார்.

கனவில் 'நினைத்து நினைத்துக் கட்டிய கோயில்' என்று சொல்லியாகிவிட்டது. விடை அதிலேயே இருக்கிறது. ஆனால் ராஜாவுக்குக் கோயில் என்றால் கல். அதனால் கேட்டும் புரியவில்லை. தான் புரிந்துகொண்டது தப்பாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு மனசில் இடம் வைத்திருந்தார். அதனால்தான் கடைசியில் புரிந்தது.

பூசலார் என்ன செய்தார்? 'ஆமாம், நான்தான் கட்டினேன்' என்று நெஞ்சை நிமிர்த்தவில்லை. மருண்டு போகிறார். 'என்னையும் ஒரு பொருட்டாக நினைத்து இப்படிச் சொன்னாரா!' என்று உருகி, அப்புறம்தான் மனசில் கட்டியதைச் சொல்கிறார். ராஜா மாலை தரையில் புரள விழுந்து கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்.

கதை எப்படி வளர்ந்தது?

மூக்குடைபட்ட வேகத்தில் இதையும் தோண்டினேன்.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் நின்றவூர்ப் பூசலுக்கு வணக்கம் சொல்கிறார். ஊர், பேர், மறை ஓதுபவர் என்ற ஒரு அடைமொழி. அவ்வளவே. அப்புறம் நம்பியாண்டார் நம்பி தன் திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு முழுச் செய்யுள் தருகிறார். சிவனுக்கு ஒரு கோயில் எப்போது கட்டுவோம் என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் நினைத்தவருக்கு அருள் கிடைத்தது என்கிறார். ராஜா இல்லை, ராஜாவின் கனவும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழார் எழுதும்போதுதான் ராஜாவும் கனவும் தேதிச் சிக்கலும் நமக்குக் கிடைக்கின்றன. கைலாசநாதர் கோயில் கட்டி அப்போதைக்கு 400 வருஷம் ஆகிவிட்டது.

சேக்கிழாரும் ராஜசிம்மன் என்று பெயர் சொல்லவில்லை. காடவர் கோமான் என்கிறார். காடவர் என்பது பல்லவரைக் குறிக்கும் பொதுப்பெயர். கோயிலையும் கச்சியில் இருக்கும் கற்றளி என்றுதான் சொல்கிறார். காஞ்சியில் பல்லவர் கட்டிய கல் கோயில் ஒண்ணு ரெண்டு இல்லை.

அப்புறம் எப்படி ராஜசிம்மன் என்று சொல்கிறார்கள்? ரெண்டு காரணம். சோழர் கல்வெட்டுகள் கைலாசநாதர் கோயிலைப் 'பெரிய திருக்கற்றளி' என்று குறிப்பிடுகின்றன, அது சேக்கிழாரின் கற்றளியோடு பொருந்துகிறது. ரெண்டாவது, நம்ம வானத்துக் குரல் செய்யுள். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் ஆய்வாளர்கள் பலர் இவன்தான் அவன் என்றார்கள். நியாயமான ஊகம். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. ஆனால் ஊகம் ஊகம்தான். 'கல்வெட்டு ஆதாரம் இதுதான்' என்று நான் கத்தினது தப்பு. கல்வெட்டையும் புராணத்தையும் ஒட்ட வைத்தது மனுஷங்க. ஒட்டின இடம் தெரியாமல் பேசினது நான்.

துஷ்யந்தன் கேட்ட குரல்

இதெல்லாம் படித்த பிறகு ஒரு விஷயம் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. கல்வெட்டு ஏன் துஷ்யந்தனைச் சொல்கிறது?

மகாபாரதத்தில் சகுந்தலை மகனைக் கூட்டிக்கொண்டு அரசவைக்கு வருகிறாள். துஷ்யந்தன் 'உன்னை யாரென்றே தெரியாது' என்கிறான். அப்போதுதான் வானத்திலிருந்து குரல் வருகிறது. 'இவன் உன் மகன், ஏற்றுக்கொள்' என்று. துஷ்யந்தனுக்கு முதலிலேயே உண்மை தெரியும். ஊர் சந்தேகப்படுமே என்றுதான் மறுத்தேன் என்று அப்புறம் சொல்கிறான். ஆக, அந்தக் குரல் அவனைப் பாராட்ட வரவில்லை. சபை நடுவில் அவனைத் திருத்த வந்தது.

கல்வெட்டுப் புலவர் இதைப் பெருமையாகப் பிடித்துக்கொண்டார். 'துஷ்யந்தன் கேட்டான், எங்க ராஜாவும் கேட்டான்'. கேட்டதுதான் அவருக்குப் பெருசு. சேக்கிழாரின் ராஜாவோ துஷ்யந்தன் கேட்ட மாதிரியே ஒரு குரலைக் கேட்கிறார்: 'நீ இல்லை, இன்னொருத்தன். நீ அப்புறம்.' கல்லில் குரல் ராஜாவை மேலே தூக்குகிறது. புராணத்தில் அதே ராஜாவை 45 கிலோமீட்டர் கடந்து ஒரு ஏழை முன்னால் தரையில் விழவைக்கிறது.

தெய்வம் கனவில் பேசுமா என்று என்னைக் கேட்காதீங்க. எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனால் யாராவது 'எனக்கு உத்தரவு வந்தது' என்று சொன்னால், நான் இப்போதெல்லாம் ஒண்ணு பார்க்கிறேன். அந்த உத்தரவு சொன்னவரை உயர்த்துகிறதா, இல்லை அவரை இன்னொருத்தர் வாசலுக்குப் போய்க் கேட்க வைக்கிறதா?

எங்க வீட்டுக் கனவு

இது எனக்கு வெறும் வரலாற்று ஆராய்ச்சி இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பத்தாவது படிக்கும்போது தாத்தாவுக்கு நெஞ்சுவலி. டாக்டர் பைபாஸ் செய்யணும், தள்ளிப் போடாதீங்க என்றார். அந்த வாரம் அப்பத்தாவுக்கு ஒரு கனவு. குலதெய்வம் அய்யனார் வீட்டு வாசலில் வந்து நின்றாராம். உள்ளே வரவில்லை. ஒண்ணும் பேசவில்லை.

அப்பத்தா சொன்னது அவ்வளவுதான். ஆனால் வீட்டில் ஆளாளுக்கு அர்த்தம் சொன்னாங்க. 'அய்யனே காவலுக்கு வந்து நின்னுட்டாரு, இனிமே என்ன பயம்? தை பிறந்து கோயிலுக்குப் பொங்கல் வச்சிட்டு ஆபரேஷனைப் பாத்துக்கலாம்' என்று பெரியவங்க முடிவு பண்ணினாங்க. எனக்கும் அது பிடிச்சிருந்தது. தாத்தா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. மார்கழி முடியறதுக்குள்ள தாத்தா போய்விட்டார்.

ஆபரேஷன் செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. எல்லோரும் அவர்மேல் பிரியமாக இருந்தவங்கதான்.

காலேஜ் லீவில் ஒருநாள் அப்பத்தாகிட்ட தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அந்தக் கனவை இப்பவும் நம்புறியா அப்பத்தா?"

வெத்தலையை மடிச்சுக்கிட்டே சொன்னாங்க. "சாமி வந்தது நெசம்தான் அப்பு. என்ன சொல்ல வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு அன்னிக்கே சொன்னேன். யாரும் காதுல வாங்கல."

ராஜா மாதிரி ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'இரு, எதுக்கும் டாக்டர்ட்ட இன்னொரு வார்த்தை கேட்டுடுவோம்' என்று அன்னிக்கு எழுந்து போயிருக்கலாம். அது சாமியை நம்பாததாக ஆகியிருக்காது. நம்ம புத்தியை அளவுக்கு மீறி நம்பாததாகத்தான் ஆகியிருக்கும்.

கடைசியா

போன வாரம் திருநின்றவூர் போய்விட்டு வந்தேன். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் லோக்கல் ரயிலில் ஆவடி தாண்டி வரும். பூசலார் மனசில் கட்டிய கோயில் என்பதால் அங்கே சாமிக்கு இருதயாலீஸ்வரர் என்று பெயர். இருதய நோய் உள்ளவங்க வந்து வேண்டிக்கொள்கிறார்கள். எனக்கு முன்னால் ஒரு அம்மா, கையில் ஸ்கேன் ரிப்போர்ட் ஃபைல். பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "வியாழக்கிழமை ஆபரேஷன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தோம்."

எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. அந்த அம்மாவுக்காகவும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

காஞ்சியில் பார்த்த பெரியவரின் பேரைக்கூட நான் கேட்கவில்லை. மறுபடி பார்த்தால் சொல்லணும்: ஐயா, படிச்சுப் பாத்தேன், கனவுன்னு ஒரு வரியிலயும் இல்லை. குரல் மட்டும்தான் இருக்கு.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு கனவுக் கதை கட்டாயம் இருக்கும். கனவை ஒரு பத்தியாகவும், வீட்டில் சொன்ன அர்த்தத்தை இன்னொரு பத்தியாகவும் பிரித்து எழுதிப் பாருங்க. ரெண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தெரியும். பின்னூட்டத்தில் சொன்னால் சந்தோஷப்படுவேன்.

டிஸ்கி: ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் இந்தப் பதிவைப் படிப்பாங்க. அடுத்த தடவை கோயிலுக்குப் போகும்போது வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி கல்வெட்டைப் படிச்சிட்டு வரேன்டா, போதுமா? :-)